அப்பாவுக்குப் புரொஸ்டேட் கரண்ட்: 20 நாளா, 37 நாளா? மெஷின்லதான் வித்தியாசமா?

திருக்கோவில்காரி | ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. பயொப்சியில புரொஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற ஆம்பிளைச் சுரப்பி) கான்சர் எண்டு வந்திட்டு. கிளீசன் (கான்சர் எவ்வளவு வேகமானது எண்ட புள்ளி) 4+3, பிஎஸ்ஏ (புரொஸ்டேட்டுக்குப் பாக்கிற ரத்தச் சோதனை) 14. எலும்பு ஸ்கேன்ல ஒண்டும் இல்ல. ஹோர்மோன் ஊசி தொடங்கி ரெண்டாவது மாசம் ஓடுது. இனிக் கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) பிடிக்கணும் எண்டு சொல்லிட்டாங்க.

குழப்பம் என்னெண்டா, மட்டக்களப்பில 37 நாள் எண்டுறாங்க. கொழும்புப் பக்கம் தனியார் இடமொண்டில விசாரிச்சா "20 நாள் போதும், எங்கட மெஷின் புதுசு" எண்டுறாங்க. அவங்க சொன்ன காசுக்கு வயல் ஒண்ட ஈடு வைக்கணும். ஒரே ஆள், ஒரே நோய், எப்பிடி நாள் பாதியாகும்? மெஷின் பழசெண்டா சரியா எரியாதா? அண்ணன் வெளிநாட்டில இருந்து "பெரிய மெஷினுக்கே கொண்டு போ" எண்டு நிக்கார். அப்பா "வேளாண்மை வெட்டு முடியட்டும்" எண்டு நிக்கார். நடுவில நான்.

ஊர்க்குருவி | ஞாயிறு இரவு 9.05

தங்கச்சி, யோசிக்க என்ன இருக்கு? புதுசுதான் நல்லது. எங்கட மாமாவுக்கு 15 எம்வி (மெகாவோல்ட், கதிரின்ர சக்தி அளவு) மெஷின்ல பிடிச்சது. எம்வி கூடக் கூடப் பவர் கூட. போய் முதல்ல எத்தனை எம்வி எண்டு கேளுங்க.

அக்கரை_காக்கா | ஞாயிறு இரவு 9.31

புள்ள, நான் ரெண்டு வருசத்துக்கு முந்தி இத முடிச்ச ஆள். எம்வியெல்லாம் எனக்குத் தெரியா. எனக்குத் தெரிஞ்சது தண்ணிதான். மெஷினில படுக்கிறது பத்து நிமிசம், மூத்திரத்த அடக்கிட்டு இரிக்கிறது முக்கால் மணித்தியாலம். அத ஒருத்தரும் முதல்ல சொல்லமாட்டாங்க. வாப்பாவுக்கு இப்பவே பழக்குங்க. மறுகா வந்து விபரமா எழுதுறன்.

பௌதிகன்_கல்லடி | திங்கள் அதிகாலை 1.15

தங்கச்சி, நான் கல்லடியில பிறந்து வளந்தவன். இப்ப வெளிநாட்டில மருத்துவ பௌதிகர் வேலை. டொக்டர் இல்ல, அத மனசில வெச்சு வாசிங்க. கொஞ்சம் நீட்டித்தான் எழுதணும்.

முதல்ல நாள் கணக்கு. 37 நாள் எண்டா ஒரு நாளைக்கு 2 கிரே (உடம்பு வாங்கிற கதிரின்ர அளவு), மொத்தம் 74. 20 நாள் எண்டா ஒரு நாளைக்கு 3 கிரே, மொத்தம் 60. 60 குறைவுதானே எண்டு நினைக்காதீங்க. புரொஸ்டேட் கான்சருக்கு ஒரு குணம் இருக்கு, நாளாந்த அடி பெரிசா விழுந்தா அதுக்குத் தாக்கமும் கூட. இங்கிலாந்தில சிஹிப் எண்டொரு ஆய்வு 3216 ஆம்பிளைகள வெச்சு இதப் பாத்தது, 2016இல முடிவு வந்தது. 5 வருசத்தில நோய் திரும்பாம இருந்த ஆக்கள் 74 கிரேயில 88.3 வீதம், 60 கிரேயில 90.6 வீதம். 20 நாள் குறைஞ்ச வைத்தியம் இல்ல எண்டு அதோட ஒத்துக்கொண்டாங்க. கவனிக்க வேண்டியது, அந்த ஆக்கள் சேந்தது 2002க்கும் 2011க்கும் இடையில. அந்தக் காலத்து மெஷின்லதான் செஞ்சது. ஆகவே "மெஷின் புதுசு, அதால 20 நாள்" எண்டு சொல்றது வியாபாரப் பேச்சு.

அப்ப மெஷின் முக்கியமில்லையா எண்டா, முக்கியம். ஆனா எல்லாரும் பாக்கிற இடத்தில இல்ல.

ஒரு தேசிக்காய நினைச்சுக்கொள்ளுங்க. புரொஸ்டேட் அந்தளவுதான், 4 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். பின்னால ஒட்டிக்கொண்டு மலக்குடல், மேல மூத்திரப்பை. மலக்குடல்ல காத்து நிறைஞ்சா புரொஸ்டேட் முன்னால தள்ளுப்படும், நேத்து இருந்த இடத்தில இண்டைக்கு இராது. அது தப்பிப் போகாம இருக்க நாங்க சுத்திவர ஒரு தோல் போடுவம், அந்தத் தோலுக்குள்ள எல்லாம் முழுக் கதிர் விழும். தோல் 1 சென்ரிமீற்றர் எண்டா 33 கன சென்ரிமீற்றர் தேசிக்காய் 113 ஆகிச் சின்னத் தோடம்பழமாகும். தோல் அரைச் சென்ரிமீற்றர் எண்டா 65தான். மிச்சம் 48 கன சென்ரிமீற்றர் யாருடையது? மலக்குடலும் மூத்திரப்பையும்தான். வைத்தியம் முடிஞ்சு ரெண்டு வருசத்தால மலத்தோட ரத்தம் போகுதெண்டு வாற ஆக்கள் அந்த 48இல இருந்துதான் வாறாங்க.

இந்தத் தோல எவ்வளவு மெல்லிசாப் போடலாம் எண்டத முடிவு செய்யிறது மெஷின்ர எம்வி இல்ல. ஒவ்வொரு நாளும் கதிர் விடமுந்தி உள்ளுக்குப் பாக்க ஏலுமா எண்டதுதான். பழைய முறை, கதிராலயே ஒரு படம் எடுத்து இடுப்பெலும்ப நேராக்கிறது. எலும்பு நேராத்தான் இருக்கும், புரொஸ்டேட் எலும்போட கட்டிக்கிடக்கிற சாமான் இல்லையே. மெஷினோட சேந்து சுத்துற கோன்பீம் சிற்றி (உடம்புக்குள்ள படம் எடுக்கிற ஸ்கேன்) இருந்தா மூத்திரப்பை, மலக்குடல், புரொஸ்டேட் மூண்டையும் பாத்து கட்டில நகத்தலாம். ஒரு நாளைக்கு 3 கிரே விடுற ஆள் ஒரு நாள் தவறினா இழப்பும் ஒண்டரை மடங்கு. தினம் பாக்க வசதியில்லாத இடம் 37 நாளுக்குப் போறது பயத்தில. அது நியாயமான பயம்.

அதால நீங்க ரெண்டு இடத்திலயும் கேக்க வேண்டிய முதல் கேள்வி: "ஒவ்வொரு நாளும் கோன்பீம் எடுப்பீங்களா, கிழமைக்கு ஒருக்காவா?"

ஊர்க்குருவி | திங்கள் காலை 7.20

எல்லாம் சரி அண்ணன். ஆனா எம்வி முக்கியமில்ல எண்டுறத நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஏன் அப்ப கூட எம்வி மெஷின் செய்றான்? விசரனா?

பௌதிகன்_கல்லடி | திங்கள் பின்னேரம் 6.48

விசரன் இல்ல தம்பி. ஒரு காலத்தில உங்கட கதை நூறு வீதம் சரி.

மஹரகம கான்சர் ஆஸ்பத்திரியில கோபோல்ட் மெஷின் (கதிரியக்கக் கோபோல்டால கதிர் விடுற பழைய மெஷின்) கனகாலம் ஓடினது. எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் கோச்சியில போய் அதில பிடிச்சிட்டு வந்தவங்க. கோபோல்ட் கதிர் தோலுக்குக் கீழ அரைச் சென்ரிமீற்றர்ல உச்சத்துக்குப் போய், 10 சென்ரிமீற்றர் ஆழத்தில ஏறக்குறைய 56 வீதமா இறங்கிடும். 6 எம்வி லினாக் உச்சம் 1.5 சென்ரிமீற்றர்ல, 10இல 67 வீதம் மிச்சம். 15 எம்வியில 77. (ஏஎல் பௌதிகம் படிச்ச ஆக்களுக்கு: லினாக்தான் நேர்கோட்டு ஆர்முடுக்கி.) புரொஸ்டேட் உடம்பின்ர நட்டநடுவில. முன், பின், இடம், வலம் எண்டு நாலு பக்கத்தால மட்டும் அடிக்கிற காலத்தில, இடுப்புப் பெருத்த ஆளுக்கு 6 எம்வி விட்டா இடுப்புக் கொழுப்பு எரியும், நடுவுக்குப் போறது காணாது. அப்ப 15 பெரிய உதவி.

இப்ப நாலு பக்கம் இல்ல. மெஷின் ஆளச் சுத்தி ஒரு வட்டம், சிலவேளை ரெண்டு வட்டம் ஓடிக்கொண்டே கதிர் விடும். வீமாட் எண்டு சொல்லுவம். நுழையிற பாதை நூற்றுக்கணக்கில பிரிஞ்சு போறதால ஒரு பாதைக்கும் பெரிய சுமை இல்ல. அந்த முறையில 6க்கும் 15க்கும் புரொஸ்டேட்டில வாற வித்தியாசம் சொற்பம். மாறா 10 எம்விக்கு மேல போனா கதிர் மெஷின்ர தலையில இருக்கிற உலோகத்தில மோதி நியூத்திரன் கிளம்பும். வீமாட் மாதிரி முறைகளில மெஷின் கனநேரம் கதிர் விடவேண்டி வாறதால அந்த நியூத்திரனும் கூடும். அதால பௌதிகர்மார் 6 இல்லாட்டி 10க்குத்தான் போவாங்க.

எம்விய விட நான் முதல்ல பாக்கிறது மெஷின் வாயில இருக்கிற டங்ஸ்டன் தகடுகள. அதுகள்தான் ஒளிய வெட்டிப் புரொஸ்டேட் உருவத்துக்குக் கொண்டு வாறது. பழசில ஒரு தகடு 1 சென்ரிமீற்றர் அகலம், இப்ப வாறதில நடுப்பகுதி 5 மில்லிமீற்றர், சிலதில 2.5. அகலத் தகட்டால உருண்டைய வெட்டினா ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். அந்தப் படிக்கட்டின்ர மூலையில மலக்குடல் நிண்டா அதுக்கும் விழும். ஆனா 5இல இருந்து 2.5க்குப் போனா புரொஸ்டேட்டுக்கு ஆகப்பெரிய இலாபம் இல்ல, அது மூளைக்குள்ள இருக்கிற சின்னக் கட்டிகளுக்குத்தான் பெறுமதி. அதுக்காக வயல் ஈடு வைக்காதீங்க.

சீனித்தம்பி_மகள் | திங்கள் இரவு 10.02

நான் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில வேலை செய்றன், இடம் சொல்லமாட்டன். பௌதிகன் அண்ணன் சொன்னதோட ஒண்டு சேக்கணும், ஒண்டுக்கு எதிராவும் சொல்லணும்.

சேக்கிறது: மெஷினப் பத்தி இவ்வளவு கதைக்கிறம், எல்லாம் தொடங்கிறது சிற்றி ஸ்கேன் கட்டில்ல. சாதாரண சிற்றியின்ர கட்டில் கிண்ணம் மாதிரி வளைஞ்சிருக்கும். கரண்ட் பிடிக்கிற கட்டில் பலகை மாதிரித் தட்டை. வளைஞ்சதில எடுத்த ஸ்கேன வெச்சுத் திட்டம் போட்டா இடுப்பு ஒரு கோணம், மெஷினில படுக்கிறது வேற கோணம். அதுக்கெண்டு தட்டைப்பலகை, முழங்காலுக்குத் தாங்கி, பாதத்துக்குத் தாங்கி எல்லாம் வேணும். லட்சக்கணக்கான டொலர் மெஷினுக்கு முன்னால அந்தத் தாங்கி ஒரு சில்லறைச் சாமான். அது தேஞ்சு போனா வேற ஒண்டு எடுக்க நாங்க படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

எதிரா: கோன்பீம் இருந்தா போதும் எண்டு அண்ணன் எழுதினமாதிரி இருக்கு. கோன்பீம் படம் எல்லா உடம்பிலயும் தெளிவா வராது. கொஞ்சம் உடம்பான ஐயா, குடல்ல காத்து, அப்ப புரொஸ்டேட்டின்ர ஓரம் கஞ்சி மாதிரித்தான் தெரியும். ரெண்டு பேர் பாத்தா ரெண்டு இடம் சொல்லுவம். புரொஸ்டேட்டுக்குள்ள அடையாளத்துக்குப் பொன் மணி மூண்டு வெச்சிருந்தா சண்டையே இல்ல, மூண்டு வெள்ளைப் புள்ளிய ஒண்டோட ஒண்டு பொருத்தினாச் சரி.

பௌதிகன்_கல்லடி | திங்கள் இரவு 10.40

தங்கச்சி சொல்றது சரி, பொன் மணி நல்லது. ஆனா அத வைக்க ஊசி போடணும், ரத்தம், கிருமித் தொற்று எண்டு சின்ன ஆபத்து இருக்கு. மற்றது, மணி புரொஸ்டேட் எங்க எண்டு மட்டும் சொல்லும். மூத்திரப்பை காலியா, மலக்குடல் வீங்கிக் கிடக்கா எண்டு சொல்லாது. ரெண்டும் இருந்தா ஆக நல்லது. ஒண்டுதான் எண்டா நான் கோன்பீம்தான் எடுப்பன்.

சீனித்தம்பி_மகள் | திங்கள் இரவு 10.46

நான் மணிதான். தினம் 40 பேர் வரிசையில நிக்கிற இடத்தில வேலை செஞ்சு பாத்தா நீங்களும் மணி எண்டுதான் சொல்லுவீங்க 🙂

அக்கரை_காக்கா | செவ்வாய் காலை 5.50

வாக்குத் தந்த மாதிரி தண்ணிக் கதை. எனக்கு நேரம் காலை 9.30. அக்கரைப்பற்றில இருந்து பஸ். முதல் நாள் நான் கெட்டித்தனமா களுவாஞ்சிக்குடியில வெச்சே ஒரு போத்தல் குடிச்சிட்டன், போய்ச் சேர நிறையும் எண்டு. ஆரையம்பதியில பஸ் பழுது. மறுகா நடந்ததக் கேக்காதீங்க. போய்ச் சேந்து, முதல்ல முழுக்கக் கழிச்சிட்டு, அங்க வெச்சு அளந்து குடிச்சிட்டு நேரம் பாத்து இரிக்கணும். எனக்குச் சொன்னது அரை லீற்றர், 45 நிமிசம்.

மிஸ்மார் படத்தப் பாத்திட்டு "காக்கா, இண்டைக்குத் தண்ணி காணாது" எண்டு எழுப்பி அனுப்பின நாளும் இரிக்கி. நோன்பு மாசம் வந்த நேரம் பக்கத்தில ஒரு ஆள் ஒருத்தருக்கும் சொல்லாம நோன்பு பிடிச்சிட்டு வந்து படுத்திட்டார். உள்ளுக்குப் போய் அஞ்சு நிமிசத்தில பிடிபட்டார். நோயாளிக்குச் சலுகை இரிக்கிறத மௌலவியே சொல்லி அனுப்பினவர், இவர்தான் கேக்கல்ல.

திருக்கோவில்காரி | செவ்வாய் பகல் 12.30

எல்லாருக்கும் நன்றி. காக்கா, சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சன், ஆனா அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டிட்டன்.

ஒண்டு கேக்க மறந்திட்டன். அப்பா சில வருசத்துக்கு முந்தி சைக்கிள்ல விழுந்து இடது இடுப்பு மாத்தினவர். உள்ளுக்குக் கம்பி இருக்கு. இதுக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இருக்கா? கிளினிக்ல ஒருத்தரும் கேக்கல்ல, நாங்களும் சொல்லல்ல.

பௌதிகன்_கல்லடி | செவ்வாய் பகல் 12.41

அம்மா தாயே! சம்பந்தம் இருக்கா எண்டா கேக்கிறீங்க. இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்க. இரவைக்கு விளக்கமா எழுதுறன்.

பௌதிகன்_கல்லடி | செவ்வாய் இரவு 11.20

பதறாதீங்க, வைத்தியம் செய்யலாம். ஆனா மேல எழுதினது எல்லாத்தையும் ஒருக்காத் திருப்பிப் பாக்கணும்.

சிற்றி ஸ்கேன்ல உலோகம் இருந்தா அதில இருந்து வெள்ளையும் கறுப்புமாக் கீறல் கிளம்பி முழு இடுப்பையும் குறுக்கறுக்கும். கதிர் எங்க எவ்வளவு தேயும் எண்டு கணக்குப் போடுற கொம்பியூட்டர் அந்தக் கீறலையும் சதை, எலும்பு எண்டு நம்பிடும். இன்னொரு கரைச்சல், சாதாரண சிற்றிப் படத்தின்ர வெள்ளை-கறுப்பு அளவுகோல் ஒரு உச்சத்தோட நிண்டுபோகும். டைட்டேனியம் எண்டாலும் கோபோல்ட்-குரோம் எண்டாலும் அதுக்கு ஒரே வெள்ளைதான். ஆனா முதலாவதின்ர அடர்த்தி தண்ணியப்போல 4.5 மடங்கு, ரெண்டாவது ஏறக்குறைய 8 மடங்கு. கதிருக்கு அது ரெண்டு வேற சுவர். அதால என்ன உலோகம் எண்டு தெரியணும். ஒப்பரேஷன் செஞ்ச நேரம் தந்த கார்ட்டத் தேடி எடுங்க, அலுமாரிக்குள்ள எங்கயாவது கிடக்கும்.

இங்கதான் சாமான் வித்தியாசம் உண்மையா வேலை செய்யுது. உலோகக் கீறலக் குறைக்கிற மென்பொருள் சிற்றியில இருந்தா நல்லது. இல்லாட்டி பௌதிகர் குந்தியிருந்து ஒவ்வொரு படத்திலயும் கீறலுக்கு மேல கோடு கீறி "இது தண்ணி" எண்டு சொல்லணும். எம்ஆர்ஐ எடுத்து மேல பொருத்தினா பெரிய உதவி, சிற்றியில எங்களுக்குப் புரொஸ்டேட் உண்மையில இருக்கிறத விடப் பெரிசாத் தெரியும், கீழ் நுனி தெரியவே தெரியாது. இடுப்புக் கம்பி வெச்ச அனேகம் பேருக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம், அதுக்கும் அந்தக் கார்ட்டத்தான் கேப்பாங்க.

மறுகா கதிரின்ர பாதை. நாலு பக்கத்தால அடிக்கிற முறையில இடப்பக்கக் கதிர் நேராக் கம்பிக்குள்ளால வரும். பின்னால நிக்கிற புரொஸ்டேட்டுக்கு எவ்வளவு போய்ச் சேரும் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. அமெரிக்க மருத்துவ பௌதிகர் சங்கத்தின்ர 63ஆவது பணிக்குழு 2003இலயே இதப் பத்தி விரிவா எழுதி, ஏலுமானவரை கம்பியத் தவிர்த்துப் பாதை போடச் சொன்னது. தவிர்த்தா சுமை முன்னுக்கும் பின்னுக்கும் போகும், பின்னுக்கு நிக்கிறது மலக்குடல். வீமாட் இருந்தா மெஷின் இடது இடுப்பக் கடக்கிற துண்டுக்கு மட்டும் கதிர நிப்பாட்டிட்டு மிச்ச வட்டத்தால சரிக்கட்டலாம். ஊர்க்குருவித் தம்பி கோவிக்கக் கூடாது, இப்பிடியான ஆளுக்கு 15ஐ நான் தொடவே மாட்டன். உலோகத்துக்குக் கிட்ட நியூத்திரன் வேற வேணாம்.

கணக்குப் போடுற மென்பொருளும் அப்பிடித்தான். கம்பி இல்லாத இடுப்புக்கு எந்த மென்பொருளும் ஏறக்குறைய ஒரே விடையத்தான் தரும், உலோகம் வந்தா மொன்டே கார்லோ முறைக்கும் (கதிர்த் துகள் ஒவ்வொண்டாப் பின்தொடர்ந்து கணக்குப் போடுறது) பழைய முறைக்கும் விடை பிரியும். வேற ஆளா இருந்தா இத எழுதியே இருக்கமாட்டன்.

நீங்க கேக்க வேண்டியது இப்ப மூண்டு. தினம் கோன்பீமா? வீமாட்டில கம்பியத் தவிர்த்துத் திட்டம் போடுவீங்களா? மெஷின் பழுதானா அதே திட்டத்த ஓட்டக்கூடிய சோடி மெஷின் இருக்கா, இல்லாட்டித் திரும்பக் கணக்குப் போடணுமா? கடைசிக் கேள்விய ஆரும் கேக்கிறதில்ல. நான் முந்தி வேலை செஞ்ச ஒரு இடத்தில குளிராக்கி பழுதாகி ரெண்டு கிழமை மெஷின் நிண்டது, பக்கத்து அறையில இருந்த மெஷின் வேற கொம்பனி, வேற தகடு. 30 பேருக்கு மேல உள்ள திட்டத்த இரவு பகலாத் திருப்பிப் போட்டம்.

சீனித்தம்பி_மகள் | புதன் காலை 6.10

அக்கா, ஹோர்மோன் ஊசி ஓடுற நேரம் புரொஸ்டேட் சுருங்கிக்கொண்டு வரும். அதால ஒண்டு ரெண்டு மாசம் பிந்தினா குடி முழுகாது. அப்பாட வேளாண்மை வெட்டுக் கதைய டொக்டரிட்ட நேராவே கேளுங்க. வயல் ஈடு வைக்கிறதுக்கு முந்தி மட்டக்களப்பிலயே மேல சொன்ன மூண்டையும் கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து படுக்கிறதும் அந்த வயசில ஒரு மருந்துதான்.

திருக்கோவில்காரி | மூண்டு கிழமைக்குப் பிறகு, வியாழன் இரவு 9.15

வந்து எழுதாம விட்டதுக்கு மன்னிக்கணும். கார்ட் கிடைச்சிட்டு, அலுமாரியில இல்ல, சாமியறையில. கோபோல்ட்-குரோமாம். கொழும்புக்குப் போகல்ல. அந்தத் தனியார் இடத்தில போன் எடுத்தவருக்குக் கம்பியப் பத்திச் சொன்னதும் "டொக்டரக் கேட்டுச் சொல்றம்" எண்டு வெச்சவர்தான்.

கிட்டடியில காட்டினதில டொக்டர் பொறுமையாக் கதைச்சவ. 37 எண்டது இன்னும் முடிவில்லையாம். ரெண்டு திட்டமும் போட்டுப் பாப்பாங்களாம். 37 நாள் திட்டத்தில மலக்குடல்ல 70 கிரே வாங்கிற பங்கு 20 வீதத்துக்குக் கீழ வரணுமாம், 20 நாளுக்கு அதுக்கெண்டு வேற அளவாம். கம்பியத் தவிர்த்தும் அந்த அளவுக்குள்ள வந்தா 20 நாளே செய்வமெண்டு சொன்னவ. தினம் படம் எடுப்பாங்க. சோடி மெஷின் கேள்விக்குச் சிரிச்சிட்டு "இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது" எண்டு கேட்டவ.

திங்கள் ஸ்கேன். முதல் தரம் குடல்ல காத்து எண்டு எழுப்பி விட்டிட்டாங்க. அப்பா முதல் நாள் இரவு பருப்பும் பலாக்கொட்டையும் சாப்பிட்டவர், எனக்கு ஒளிச்சு. வாசல்ல அரை மணித்தியாலம் நடக்க வெச்சு ரெண்டாந்தரம் எடுத்தது சரியாம். வெட்டு முடிய ரெண்டு கிழமை இருக்கு, அதுக்குப் பிறகு தொடக்கம்.

அக்கரை_காக்கா | வியாழன் இரவு 9.28

அல்ஹம்துலில்லாஹ். பலாக்கொட்டையப் பூட்டி வையுங்க புள்ள. பஸ்ஸில முன் சீட் எடுக்கச் சொல்லுங்க, பின் சீட் குலுக்கும்.

ஊர்க்குருவி | வியாழன் இரவு 9.40

சந்தோசம் தங்கச்சி. கடைசி வரைக்கும் அந்த மெஷின் எத்தனை எம்வி எண்டு சொல்லவே இல்லயே?

திருக்கோவில்காரி | வியாழன் இரவு 9.44

கேட்டன் அண்ணன், உங்களுக்காகவே. ஆறுதான் விடுவாங்களாம்.